ஊழல் செய்தி எந்தத் தேதியோடு நின்றுபோகிறது என்று பாருங்கள்

பெருந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சுருக்கமாக அவர் கேள்வி இது: "எந்த ஊழல் வெடித்தாலும் ஒரு சேனலில் அதுதான் உலக மகா ஊழல். இன்னொரு சேனலில் அப்படி ஒன்று நடந்ததாகவே தெரிவதில்லை. வீட்டில் அப்பாவுக்கு ஒரு பேப்பர், சித்தப்பாவுக்கு யூடியூப். தினமும் சண்டைதானுங்க. நடுநிலையாக அரசியல் எழுதுவது யார்? எதைப் படிக்கலாம் என்று நாலு சொல்லுங்க."

நாலு பேரைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அடுத்த தேர்தல் வருவதற்குள் அதில் இரண்டு பேராவது ஏதாவது ஒரு கூடாரத்தில் போய் உட்கார்ந்திருப்பார்கள். அப்புறம் திட்டு எனக்குத்தான். அதனால் நான் எப்படிப் படிக்கிறேன் என்பதைச் சொல்கிறேன். எதைப் படிக்கலாம் என்பது அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் ஒரு தினசரியின் கோவைப் பதிப்பில் பல வருஷம் டெஸ்க்கில் உட்கார்ந்தவன். அங்கிருந்து பார்த்ததில், ஊழல் செய்தியில் அப்பட்டமான பொய் குறைவு. நோட்டீஸ் வரும், அவதூறு வழக்கு வரும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சார்பு வேலை செய்வது வேறு இடங்களில். செய்தி எப்போது ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கத்தில் போகிறது, எந்த நாளோடு விட்டுவிடுகிறார்கள். இந்த மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. வராமல் போன செய்தியை எப்படிக் கவனிப்பது?

யார் கையில் எந்தச் சேனல் என்பது நம் ஊர் டீக்கடையில்கூடத் தெரிந்த சங்கதி. சன், கலைஞர் ஒரு பக்கம். ஜெயா டிவி 1999இலிருந்து அதிமுகவின் குரலாக இருந்து, கட்சி உடைந்தபோது சசிகலா குடும்பத்தோடு போய்விட்டது. அந்த இடத்துக்கு 2018இல் நியூஸ் ஜெ வந்தது. பாமகவுக்கு மக்கள் டிவி, தேமுதிகவுக்கு கேப்டன். இவர்களால் பெரிய ஆபத்து இல்லை என்பது என் எண்ணம். நெற்றியில் கட்சிப் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டு பேசுகிறவர் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்கே தெரியும். 2001 ஜூன் 30 அதிகாலை கருணாநிதியைக் கைது செய்தார்களே, அந்தக் காட்சிகளை நினைவிருக்கிறவர்கள் சொல்வார்கள். சன் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டியது. ஜெயா இன்னொரு துண்டை ஓட்டியது. இரண்டும் அந்த வீட்டுக்குள் எடுத்ததுதான். கத்தரிக்கோல் விழுந்த இடம்தான் வேறு.

விட்டுவிடுவது என்றேனே, அதற்கு எனக்கு முதலில் நினைவு வருவது மதுரை. 2007 மே 9. கருணாநிதிக்கு அடுத்து யார் என்று தினகரன் கருத்துக்கணிப்பு போட்டது. மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு எரிந்தது. ஊழியர்கள் மூன்று பேர் செத்துப்போனார்கள். தினகரன் அதற்கு இரண்டு வருஷம் முன்பே சன் குழுமத்துக்குப் போயிருந்தது. அன்றைக்கு அந்தக் குழுமத்தின் திரையிலும் தாளிலும் எரிந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. 2008 டிசம்பரில் கருணாநிதி குடும்பமும் சன் குழுமத்தின் மாறன் குடும்பமும் ஒன்று சேர்ந்தன. 2009 டிசம்பரில் கீழ்க்கோர்ட் 17 பேரையும் விடுதலை செய்தபோது அந்தப் பழைய கோபத்தைக் காணோம். இறந்தவர்களில் ஒருவரின் தாயார் விடாமல் நடந்தார், சிபிஐயும் மேல்முறையீடு செய்தது. 2019 மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. சொந்த ஊழியர் செத்த வழக்கிலேயே ஒரு நிறுவனத்தின் குரல் ஏறி இறங்கும் என்றால், உங்கள் ஊர்ச் சாயக்கழிவு வழக்கில் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

சரி, நம்ம பக்கம் வருவோம்.

செந்தில் பாலாஜி வழக்கை ஒரு பாடமாகவே வைக்கலாம். ஒரே ஆள், ஒரே குற்றச்சாட்டு, நடுவில் கட்சி மட்டும் மாறியது. ஊடகச் சார்பை அளக்க இதைவிட வசதியான அளவுகோல் கிடைக்காது. 2011இலிருந்து 2015 வரை அவர் அதிமுக ஆட்சியில் போக்குவரத்து அமைச்சர். டிரைவர், கண்டக்டர் வேலைக்குப் பணம் வாங்கினார்கள் என்பது அந்தக் காலத்துப் புகார். 2018 டிசம்பரில் அவர் திமுகவில் சேர்ந்தார். 2021இல் கரூரில் ஜெயித்து மின்சாரமும் மதுவிலக்கும் பார்க்கும் அமைச்சர் ஆனார். கட்சி மாறிய அன்றிலிருந்து, அதுவரை இந்தப் புகாரை விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர்கள் அமைதியாகிவிட்டார்கள். அதுவரை வாய் திறக்காதவர்களுக்குத் திடீரென்று வேலை தேடிய ஏழை இளைஞர்கள் மேல் பாசம் வந்துவிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் நடந்த ஒரு விஷயம். 2021 ஜூலையில், பணம் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் சமாதானமாகிவிட்டோம் என்று சொன்னதை ஏற்று உயர்நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. இது என்ன கடன் தகராறா? அரசு வேலையை விற்ற புகார். பணம் திரும்பி வந்துவிட்டால் குற்றம் போய்விடுமா? தேர்வெழுதி, லஞ்சம் கொடுக்க வக்கில்லாமல் வேலை கிடைக்காமல் போனவருக்கு யார் சமாதானம் சொன்னார்கள்? உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 8 அன்று அந்த ரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இதே கேள்வியைத்தான் கேட்டது. ஊழலால் பாதிக்கப்படுவது சமூகம், இரண்டு தரப்பு பேசி முடித்துக்கொள்ளும் சொந்த விவகாரம் இது கிடையாது என்று. வழக்கின் உயிர் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் 2023 ஜூன் 14 அதிகாலை அமலாக்கத் துறை கைது செய்தபோது அவர் வண்டிக்குள் வலியில் துடித்த காட்சி எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது, 2022 தீர்ப்பு எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு தரப்பு அந்தக் காட்சியை நடிப்பு என்றது, இன்னொரு தரப்பு கொடுமை என்றது. ராத்திரி விவாதம் முழுக்க நெஞ்சுவலியைப் பற்றித்தான். வேலைக்குப் பணம் கொடுத்தவர்களைப் பற்றிப் பேச நேரமில்லை. 2024 செப்டம்பர் 26 ஜாமீன், மூன்று நாளில் மறுபடி அமைச்சர், உச்ச நீதிமன்றம் கண்டித்தபிறகு 2025 ஏப்ரலில் ராஜினாமா. இவற்றையும் அப்படித்தான் வெற்றி, தோல்வி என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டு போனார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 10, அதிமுகவின் முன்னாள் உள்ளாட்சித் துறை அமைச்சர் வேலுமணியின் கோவை சுகுணாபுரம் வீட்டில் லஞ்ச ஒழிப்புத் துறை சோதனை. காலையிலிருந்து கேமராக்கள் வாசலிலேயே நின்றன. மாநகராட்சி டெண்டர்களைப் பற்றி ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் 2018லேயே புகார் கொடுத்திருந்தது. அப்போது எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். 2022 நவம்பரில் உயர்நீதிமன்றம் டெண்டர் வழக்கில் அவர் மீதிருந்த எஃப்ஐஆரை ரத்து செய்தது. வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்த வழக்கை ரத்து செய்ய மறுத்தது. ஒரே நாள், இரண்டு முடிவு. மறுநாள் பேப்பர்களில் சிலவற்றுக்கு முதலாவது தலைப்பு, சிலவற்றுக்கு இரண்டாவது. எது தலைப்பு, எது கடைசிப் பத்தி என்று பார்த்தாலே உங்கள் வீட்டுப் பேப்பரின் ஜாதகம் தெரிந்துவிடும்.

ரெய்டு செய்தி எப்படித் தயாராகிறது என்று உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்கும் நிருபருக்குத் தெரியாது. மத்தியானம் வரை கையில் ஒன்றும் இருக்காது, ஆனால் சாயங்காலத்துக்குள் காப்பி வேண்டும். அதனால் "முக்கிய ஆவணங்கள் சிக்கியதாகக் கூறப்படுகிறது" என்று ஒரு வரி வரும். யார் கூறியது? யாரும் கூறவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு சேனல் நிருபர் கூறியிருப்பார். தலைப்பில் "கட்டுக்கட்டாகப் பணம்?" என்று கேள்விக்குறி போட்டுவிட்டால் சட்டப் பிரச்சினையும் இல்லை. அடுத்த நாள் அதிகாரப்பூர்வமாக வரும் பிரஸ் நோட்டில் எவ்வளவு எடுத்தார்கள் என்று கணக்கு இருக்கும். அது முதல் நாள் கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் திருத்தம் போடுவார்கள் என்று நினைக்கிறீர்களா? முதல் நாள் செய்தியில் "கூறப்படுகிறது", "தெரிகிறது", "சொல்லப்படுகிறது" என்று முடியும் வரிகளை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள். பல நாள் வீட்டு விலாசமும், வந்த கார்களின் எண்ணிக்கையும் மட்டும்தான் மிஞ்சும்.

2016 தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், மே 14, திருப்பூர் பக்கம் மூன்று கன்டெய்னரில் 570 கோடி ரூபாய் பிடித்தார்களே, அது இதன் உச்சம். பணம் எங்களுடையது, கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகிறது என்று ஸ்டேட் வங்கி சொன்னது. அதைச் சொல்ல ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்பதுதான் எல்லோருக்கும் வந்த கேள்வி. உயர்நீதிமன்றம் சிபிஐயைப் பார்க்கச் சொன்னது. தேர்தல் முடிந்தது, திருப்பூர்க்காரர்களைத் தவிர எல்லோரும் மறந்தார்கள். இங்கே மட்டும் இன்னமும் யாராவது புது வீடு கட்டினால் "ஏனுங்க, கன்டெய்னர் காசா?" என்று கிண்டல் ஓடுகிறது.

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரி கடைசியில் புகார் பதிவானது. முதல் இரண்டு வாரம் அது பெரும்பாலும் கோவை மாவட்டப் பக்கத்துச் செய்தி. மார்ச் 10 அன்று நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். அந்த வாரமே வீடியோ வெளியாகி மாநிலமே கொதித்தது. கொதித்தது நியாயம்தான். ஆனால் கொதிப்பை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில்தான் ஊடகங்களின் கவனம் முழுக்க இருந்தது: ஆளுங்கட்சிப் புள்ளிகளுக்குத் தொடர்பு உண்டா இல்லையா. இதற்கு நடுவில், புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்ட எஸ்.பி.யே பேட்டியில் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக் கூடாது என்பது சட்டம். அரசே அதை மீறியதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பீப் போட்ட சேனல் எது, அப்படியே ஓட விட்ட சேனல் எது என்பதுதான் அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டிய பரீட்சை.

தேர்தல் முடிந்ததும் கேமராக்கள் கிளம்பிவிட்டன. வழக்கு சிபிஐக்குப் போனது. 2021 ஜனவரியில் அதிமுக நிர்வாகி ஒருவரைக் கைது செய்தபோது, இன்னொரு தேர்தல் பக்கத்தில் இருந்ததால், கேமராக்கள் ஒரு நடை வந்துவிட்டுப் போயின. பிறகு நீண்ட அமைதி. மூடிய அறையில் நடந்த விசாரணை என்பதால் எழுத விஷயம் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த அமைதிக்குள்தான் அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொன்னார்கள். சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. அன்று சாயங்காலமே இரண்டு பெரிய கட்சிகளும் இது எங்களால்தான் என்று பாத்தியதை கொண்டாட ஆரம்பித்தன. அந்த ஆறு வருஷமும் கோர்ட் வராந்தாவில் நின்ற உள்ளூர் நிருபர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பைலைன் உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் பரிந்துரைக்கும் அரசியல் எழுத்து அதுதான்.

கட்சியை விட்டு இப்போது காசுக்கு வருகிறேன். கொங்கு நாட்டில் கட்சி முதலாளியைவிட விளம்பரதாரர் பக்கத்தில் இருக்கிறார். ஜவுளிக்கடை, நகைக்கடை, பொறியியல் கல்லூரி, மருத்துவமனை, மனைப்பிரிவு. இவர்கள் இல்லாவிட்டால் மாவட்டப் பதிப்பே இல்லை. சென்னையில் இருந்துகொண்டு ஊடகச் சார்பு என்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிபடாது. பகுதிநேர நிருபர் செய்தியும் அனுப்புவார், தீபாவளி மலருக்கு விளம்பரமும் பிடிப்பார். அவருக்குச் செய்தியில் கிடைப்பது சொற்பம், கமிஷனில்தான் பிழைப்பு. அவரிடம் போய் அந்த விளம்பரதாரரைப் பற்றி எழுது என்றால் எப்படி எழுதுவார்?

உங்களுக்குப் பெருந்துறை. ஈமு கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புப் பணம், வருஷ போனஸ் வேறு. சினிமா நட்சத்திரங்கள் டிவியில் வந்து சொன்னார்கள். முழுப் பக்க வண்ண விளம்பரம் பேப்பரில் வந்தது. கறியை யார் வாங்குகிறார்கள், எண்ணெயை யார் வாங்குகிறார்கள், இந்தப் பறவைக்குச் சந்தை எங்கே என்று கேட்க ஒரு நிருபர் போதும், ஒரு நாள் போதும். 2012 ஆகஸ்டில் சுசி ஈமு படுத்தபிறகு அதே பேப்பர்கள் மக்களின் பேராசையைப் பற்றிப் பக்கம் பக்கமாக உபதேசம் செய்தன. நடத்தியவருக்குக் கோவை முதலீட்டாளர் பாதுகாப்பு நீதிமன்றம் 10 வருஷம் சிறை கொடுத்தது. விளம்பரக் காசு வாங்கியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருப்பூர் பாசி நிறுவனமும் இதே ரகம்தான். 930 கோடி ரூபாய் மோசடி. ஆனால் அதில் இரண்டாவது கதை ஒன்று இருந்தது. ஏமாற்றியவர்களை மிரட்டிப் போலீஸ் அதிகாரிகளே பணம் பறித்தார்கள் என்ற புகாரில், மேற்கு மண்டல ஐஜியாக இருந்தவரையே சிபிஐ 2012இல் கைது செய்தது. முதல் கதைக்கு 2022 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: 27 வருஷம் சிறை, 171 கோடிக்கு மேல் அபராதம். அந்தப் பெரிய எண் தலைப்பில் வந்தது. போலீஸ் கதை எந்த நிலையில் இருக்கிறது என்று சேர்த்து எழுத எத்தனை பேருக்குத் தோன்றியது? போலீசோடு தினமும் புழங்க வேண்டிய கிரைம் நிருபரின் சங்கடம் எனக்குப் புரிகிறது. படிக்கிற உங்களுக்கு அந்தச் சங்கடம் எதற்கு?

வாசகர்களும் சும்மா இல்லை. 2024 ஜனவரியில், செல்போனில் விளம்பரம் பார்த்தால் காசு என்ற கோவை நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்கு போட்டபோது, ஆயிரக்கணக்கானவர்கள் நீலாம்பூரில் கூடி அந்த நிறுவனத்துக்கு ஆதரவாகவே நின்றார்கள். சந்தேகப்பட்டு எழுதிய ஊடகத்தைத்தான் திட்டினார்கள். பணம் போட்டவருக்குத் தன் பணம் போகும் என்ற செய்தி பிடிக்காது. கட்சிக்காரருக்கும் அப்படித்தான்.

டெஸ்க்கில் கற்ற ஒரு வித்தையையும் சொல்லிவிடுகிறேன். மளிகைக்கடையில் கலப்படம் பிடித்தால் கடைக்காரர் பெயர், தகப்பனார் பெயர், வயது, தெரு எல்லாம் வரும். பெரிய இடத்தில் வருமான வரி சோதனை என்றால் "பிரபல ஜவுளி நிறுவனத்தில்" என்று வரும். மருத்துவமனையில் தவறு நடந்தால் "தனியார் மருத்துவமனை". ஊரே பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருக்கும், பேப்பரில் மட்டும் இருக்காது. பெயர் இல்லாத செய்தியைப் பார்த்தால், அதே பேப்பரில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்க விளம்பரம் யாருடையது என்று பாருங்கள்.

சாதியைச் சொல்லாமல் போனால் நான் பாதிதான் சொன்னதாகும். 2015இல் பள்ளிபாளையம் தண்டவாளத்தில் தலித் இளைஞர் கோகுல்ராஜ் உடல் கிடந்தது. முதலில் வந்த செய்திகளில் தற்கொலையா என்ற கேள்வியும் காதல் விவகாரம் என்ற பேச்சும்தான் தூக்கலாக இருந்தன. கொலை வழக்கில் தேடப்பட்ட சாதிச் சங்கத் தலைவர் யுவராஜ் தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் பேச்சுப் பேச்சாக வெளியிட்டார். டிவியில் பேட்டியும் வந்தது. போலீசுக்குக் கிடைக்காதவர் கேமராவுக்குக் கிடைத்தார். 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை ஆனது. இந்த ஊரில் பத்திரிகை வாங்குகிறவர், விளம்பரம் கொடுக்கிறவர், சங்கத் தலைவராக இருக்கிறவர் யார் யார் என்பது தெரிந்தால், அந்த முதல் வாரச் செய்திகள் ஏன் அப்படி இருந்தன என்று விளங்கும். கட்சிச் சார்பு தேர்தலுக்குத் தேர்தல் மாறும். இது அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

பயமும் ஒரு காரணம். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், ரேஷன் முறைகேடு பற்றியும் அரசு டாக்டர்களுக்குச் சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்காதது பற்றியும் எழுதிய கோவை இணையச் செய்தித் தளத்தின் நிறுவனரைக் கைது செய்தார்கள். ஜெயலலிதாவின் கோடநாடு எஸ்டேட்டில் நடந்த கொலை, கொள்ளை விவகாரத்தில் 2019 ஜனவரியில் வீடியோ வெளியிட்ட டெல்லிப் பத்திரிகையாளர், எடப்பாடி பழனிசாமிக்கு 1.10 கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆதாரம் இல்லாமல் பேசினால் விலை உண்டு என்பது சரிதான். ஆனால் முதலாவது சம்பவத்தையும் இரண்டாவதையும் ஒரே தட்டில் வைத்து, "எதற்கு வம்பு" என்று ஒதுங்கும் ஆசிரியர்கள் நிறைய.

இனி, எதைப் படிக்கலாம்.

அசல் தாள்களைப் படியுங்கள். இதைவிட நல்ல அரசியல் எழுத்து எனக்குத் தெரிந்து இல்லை. 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் நீலகிரி எம்.பி. ஆ.ராசா மீது வந்த இழப்புக் கணக்கு 1,76,645 கோடி. மத்திய தணிக்கைத் துறையான சிஏஜியின் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால் அது பல மதிப்பீடுகளில் ஒன்று, இருப்பதில் பெரியது. சிறியது 57,666 கோடி. சிபிஐ குற்றப்பத்திரிகையில் வந்தது 30,984 கோடி. மேட்டுப்பாளையத்திலும் அவிநாசியிலும் பேசிய மேடைகளிலெல்லாம் பெரிய எண்தான் முழங்கியது. 2017 டிசம்பரில் எல்லோரும் விடுதலை ஆனதும், ஊழலே நடக்கவில்லை என்று அடுத்த கோஷ்டி முழங்கியது. 2012இல் உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸை ரத்து செய்தது அவர்கள் வாயில் வராது. சிபிஐயின் மேல்முறையீட்டை டெல்லி உயர்நீதிமன்றம் 2024இல் விசாரணைக்கு ஏற்றதும் வராது. ஆளுக்குப் பிடித்த வருஷத்தில் கதையை நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கும் அப்படி ஒரு பொக்கிஷம். 2015 மே 11 விடுதலைத் தீர்ப்பில் பத்துக் கடன்களைக் கூட்டி 24.17 கோடி என்று போட்டிருந்தார்கள். அதே பட்டியலை நீங்கள் கூட்டினால் 10.67 கோடிதான் வரும். அரசு வக்கீல் அதைச் சுட்டிக்காட்டினார். கால்குலேட்டர் வைத்திருந்த எந்தப் பத்திரிகையாளரும் அன்றே கண்டுபிடித்திருக்கலாம். அன்றைக்குப் பட்டாசுச் சத்தத்தில் கூட்டிப் பார்க்க உட்கார்ந்தவர்கள் குறைவு. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது.

கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வாங்கிய தேர்தல் பத்திரங்களின் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். 2024 மார்ச்சில் தேர்தல் ஆணையம் வெளியிட்டது. அதிகம் வாங்கியது நம் கோவை லாட்டரி அதிபர் மார்ட்டினின் நிறுவனம், 1,368 கோடி. அதில் 509 கோடி தங்களுக்கு வந்ததாகத் திமுகவே ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. திரிணாமூலுக்கு அதைவிட அதிகம், பாஜகவுக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு சேனலும் தனக்குப் பிடிக்காத கட்சியின் வரியை மட்டும் பெரிதாக்கிக் காட்டியது. பட்டியலை முழுசாகப் பார்த்தவருக்கு யாரும் கதை சொல்ல முடியாது.

வேட்பாளர்களின் உறுதிமொழிப் பத்திரத்தில் நிலுவை வழக்குகள் இருக்கும். தங்கள் மீதான வழக்குகளை அவர்கள் மூன்று முறை பத்திரிகையில் விளம்பரமாகவே வெளியிட வேண்டும் என்பது விதி. கண்ணுக்குத் தெரியாத மூலையில் பொடி எழுத்தில் வரும், தேடிப் பிடியுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு அவர்கள் தளத்திலேயே கிடைக்கிறது. தமிழ் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாளர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். ஒருவரை உங்களுக்குப் பிடித்திருந்தால், அவருக்குப் பிடித்த கட்சி மாட்டிய வாரத்தில் அவர் என்ன எழுதினார் என்று தேடுங்கள். ஒன்றும் எழுதவில்லை என்றால் ரசித்துப் படியுங்கள், நம்பிப் படிக்காதீர்கள். யூடியூப்பில் "எனக்கு உள்ளிருந்து ஒருவர் சொன்னார்" என்று ஆரம்பிப்பவர்களுக்கும் இதே சோதனைதான். அவர்களில் சிலர் மெய்யாகவே நல்ல தகவல் கொண்டு வருகிறார்கள். அந்தத் தகவலை அவர்களுக்குக் கொடுத்தவருக்கு என்ன லாபம் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

அப்பா வாங்கும் பேப்பரை நிறுத்த வேண்டாம். அதற்கு நேர் எதிரான இன்னொன்றையும் ஒரு மாதம் போடச் சொல்லுங்கள். ஒரே வழக்கை இரண்டிலும் வெட்டி வைத்துப் பாருங்கள். தீர்ப்பு படித்துப் பழக்கமில்லை என்றால் செந்தில் பாலாஜி வழக்கில் வந்த 2022 தீர்ப்பிலிருந்து ஆரம்பியுங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். 2ஜி தீர்ப்பு ஆயிரத்து ஐந்நூறு பக்கத்துக்கு மேல் போகும். அதை இப்போதைக்குத் தொடாதீர்கள்.